சென்ட்ரல் எதிரிலிருந்து கிண்டி வரை: சென்னை அரசு மருத்துவமனைகளின் விரிவாக்கம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

திருவண்ணாமலையிலோ கள்ளக்குறிச்சியிலோ ஒரு வீட்டில் "மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். வியாதி பெரியது, உள்ளூரில் கைவிரித்துவிட்டார்கள், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற ஜி.ஹெச்.சுக்குப் போக வேண்டும். ஒரு பையில் துணிமணி, காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு நகல், பெரிய உறையில் எக்ஸ்ரே. பல தலைமுறைகளாக இந்தப் பயணம் ஒரே வாசலில்தான் போய் முடிந்திருக்கிறது.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் சென்னையில் எழுந்த புதிய அரசு மருத்துவமனைகளை அந்த ஒற்றை வாசலைப் பலவாகப் பிரிக்கும் முயற்சியாகவே நான் பார்க்கிறேன். முயற்சி தேவையானது, பல இடங்களில் நன்றாகவும் நடந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டடமும் ஏன் அந்த இடத்தில் வந்தது என்று பின்னோக்கிப் போனால் ஒரே பதில்தான் கிடைக்கிறது: அரசின் கையில் அங்கே இடம் இருந்தது. நோயாளி எங்கிருந்து, எதில் ஏறி, யார் துணையோடு வருகிறார் என்ற கணக்கு பெரும்பாலும் கட்டடம் எழுந்த பிறகே போடப்பட்டது. இந்த ஆய்வு அந்த வரிசையைப் பற்றியது.

பழைய வாசல்

ஜி.ஹெச். என்று நாம் சொல்லும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை 1664-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. 1772-ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. இந்தியர்களுக்குக் கதவு திறந்தது 1842-ல்தான். அப்போது பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் பின்னால் வந்து சேர்ந்தது. யாரும் திட்டமிடாமலேயே மருத்துவமனை மாநிலத்தின் வாசற்படியில் அமர்ந்துகொண்டது. இன்று அங்கே நாளொன்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் புறநோயாளிகளாக வருகிறார்கள் என்றால், மருத்துவர்களின் திறமைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அந்த அளவுக்கு அந்த இடத்துக்கும் பங்கு உண்டு. ரயிலை விட்டு இறங்கினால் ஆஸ்பத்திரி. படிக்கத் தெரியாதவர்கூடத் தடுமாறாமல் போய்ச் சேர்ந்துவிடலாம்.

மற்ற பெரிய அரசு மருத்துவமனைகளும் இதற்கு அதிகத் தொலைவில் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி. அதை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள், பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது என்பதால். அப்புறம் கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, எழும்பூரின் மகப்பேறு, கண், குழந்தைகள் மருத்துவமனைகள், திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரி. வரைபடத்தில் வட்டம் போட்டால் எல்லாம் பழைய நகரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் 2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மாநகராட்சி எல்லை ஒரே ஆண்டில் நகர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இருந்த இடத்திலேயே உயரமாகக் கட்டுவது முதல் வழி. ஜி.ஹெச்.சில் பழைய கட்டடங்களை இடித்து, 2000-களில் இரண்டு டவர் பிளாக்குகள் எழுப்பினார்கள். ஆனால் நோயாளிகள் நிறைந்திருக்கும் வளாகத்துக்குள் கட்டுமானம் செய்வது சாதாரண காரியமில்லை. ஒரு வார்டை இடிக்க வேண்டுமென்றால் முதலில் அந்த வார்டுக்கு மாற்று இடம் வேண்டும். அந்த மாற்று இடத்தில் ஏற்கெனவே இன்னொரு வார்டு இருக்கும். இதனாலேயே பழைய கட்டடங்கள் ஆயுள் முடிந்தும் பயன்பாட்டில் தங்கிவிடுகின்றன. 2022 ஏப்ரல் 27 அன்று அந்த வளாகத்தின் பழைய கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தது. ஊழியர்களும் தீயணைப்புத் துறையினரும் நோயாளிகளை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், உயிரிழப்பு இல்லை. அந்த நாளின் படங்களில் கட்டிலோடும் சலைன் பாட்டிலோடும் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிய ஊழியர்களைப் பார்த்தவர்களுக்கு, புதிய கட்டடம் எதற்கு என்று விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாமாவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்து, நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் மூன்று வாரம் உடனிருந்தேன். டூட்டி டாக்டர்கள் அக்கறையாகப் பார்த்தார்கள், மருந்துக்குக் காசு கேட்கவில்லை. ஆனால் வார்டு ஒரு கட்டடம், ஸ்கேன் இன்னொரு கட்டடம், ரத்த மாதிரி கொடுக்கும் இடம் மூன்றாவது. ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒன்று ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். நடுப்பகல் வெயிலில் தார்ச்சாலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது, "என்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுடா" என்றார். ஒரே கூரையின் கீழ் எல்லாம் இருக்கும் மருத்துவமனை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சாலைதான் நினைவுக்கு வரும்.

கட்டடம் கையில் இருந்தது: ஓமந்தூரார்

அண்ணா சாலைக்கு அருகே, ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் புதிய சட்டமன்ற-தலைமைச் செயலக வளாகம் 2010 மார்ச் 13 அன்று திறக்கப்பட்டது. ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனம் வடிவமைத்த, வட்ட முற்றங்கள் கொண்ட கட்டடம். 2011-ல் ஆட்சி மாறியது, சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. ஜி.ஹெச். பிறந்த அதே கோட்டை. அந்த ஆண்டு ஆகஸ்டில் புதிய வளாகம் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாக மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயின. 2014 பிப்ரவரி 21 அன்று 400 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. 2015-ல் அதே வளாகத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியும் வந்தது.

அரசியலை விட்டுவிட்டுக் கட்டடமாக மட்டும் பார்ப்போம். அமைச்சர்களுக்கும் கோப்புகளுக்கும் போட்ட தரையை மருத்துவமனையாக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு வார்டுக்கும் கழிப்பறைக் குழாய், சுவருக்குள் ஆக்சிஜன் குழாய், அறுவை அரங்குக்குத் தனிக் காற்று வடிகட்டும் அமைப்பு, ஸ்ட்ரெச்சர் நுழையும் அகலத்தில் லிஃப்ட், மருத்துவக் கழிவுக்குத் தனி வழி எல்லாம் பிறகு நுழைக்க வேண்டும். முதலிலிருந்தே மருத்துவமனையாகக் கட்டியிருந்தால் இந்த வேலைகளில் பாதி வேறு விதமாக முடிந்திருக்கும். இருந்தும் அந்த மருத்துவமனை நன்றாக நடக்கிறது என்பதை அங்கே இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவர்களிடம் கேட்டாலே தெரியும். ரோபோ மூலம் அறுவை செய்யும் வசதி தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் முதலில் அங்கேதான் வந்தது. இடமும் நல்ல இடம், மெட்ரோவை விட்டு மேலே ஏறினால் வளாகம்.

ஆனால் விரிவாக்கம் என்ற கண்ணோட்டத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜி.ஹெச்.சிலிருந்து ஓமந்தூரார் சுமார் 2 கிலோமீட்டர் தூரம். படுக்கைகள் கூடின, ஆனால் வரைபடத்தில் வட்டம் விரியவில்லை.

நிலம் கையில் இருந்தது: கிண்டி

வட்டத்தை உடைத்தது கிண்டிதான். அங்கே கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவன வளாகம் 1899 முதல் இருக்கிறது. அம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த இடம். கொரோனா காலத்தில் தமிழ்நாட்டின் முதல் பரிசோதனைக் கூடமாக இயங்கியதும் அதுதான். அதே வளாகத்தில் முதியோருக்காகக் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் 2020-ல் அவசரமாகக் கொரோனா மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. பின்னர் 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையாகத் தன் பழைய நோக்கத்துக்குத் திரும்பியது. கிண்டியில் இடம் இருக்கிறது, அங்கே பெரிய மருத்துவமனை நடத்த முடியும் என்று காட்டிக்கொடுத்தது அந்தக் கொரோனா அனுபவம் என்பது என் கணிப்பு.

2021 ஜூன் 3 அன்று தென்சென்னைக்கு 500 படுக்கைகளோடு 250 கோடி ரூபாயில் பன்னோக்கு மருத்துவமனை என்று அறிவிப்பு வந்தது. 2022 மார்ச் 21 அன்று அடிக்கல். 2023 ஜூன் 15 அன்று கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனை திறந்தாயிற்று, படுக்கைகள் 1,000 ஆகியிருந்தன. அடிக்கல்லிலிருந்து திறப்பு வரை 15 மாதம். ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள், ஆறு மாடிகள். மதுரை தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, அதன் முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் படித்துக்கொண்டிருந்த காலம் இது. அந்தப் பின்னணியில் கிண்டியின் வேகத்தைப் பொதுப்பணித் துறையின் சாதனை என்றே சொல்ல வேண்டும். நான் அதை முழுமனதோடு சொல்கிறேன்.

வேகத்துக்கு முக்கியக் காரணம் நிலம். கையகப்படுத்த வேண்டியதில்லை, யாரையும் அப்புறப்படுத்த வேண்டியதில்லை, காலி செய்ய வேண்டிய வார்டும் இல்லை. சுகாதாரத் துறையின் சொந்த வளாகம். ஜி.ஹெச்.சில் பத்தாண்டு இழுக்கும் வேலை இங்கே ஒன்றேகால் ஆண்டில் முடிந்ததற்கு இதுவே அடிப்படை.

சரி, நிலம் இருந்த இடம் நோயாளிக்கு வசதியான இடமா? பாதி ஆம். ஜி.ஹெச். மாதிரி ரயிலை விட்டு இறங்கினால் வாசல் இல்லை. கிண்டியில் புறநகர் ரயிலோ மெட்ரோவோ, எதில் வந்தாலும் இன்னொரு வண்டி பிடித்தாக வேண்டும். நடக்க முடிந்தவருக்கு இது சின்ன விஷயம். பக்கவாதம் வந்த அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவரும் மகளுக்கு அந்தக் கடைசி ஆட்டோதான் முழுப் பயணத்தின் மிகக் கஷ்டமான பகுதி, காசிலும் சரி, உடம்பிலும் சரி.

இன்னொரு பாதி, யாரும் சேர்த்து யோசித்ததாகத் தெரியாமலேயே நன்மையாக அமைந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது, தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டுக்கு வராமல் அங்கேயே நின்றுவிட்டன. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து வரும் நோயாளிக்கு இப்போது நகரத்தின் வாசல் கிளாம்பாக்கம். அங்கிருந்து சென்ட்ரலைவிடக் கிண்டி வெகு பக்கம். போக்குவரத்தும் சுகாதாரமும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த வசதி இன்னும் கூடியிருக்கும்: எழுதிக்கொடுக்கும் சீட்டிலேயே "கிளாம்பாக்கத்தில் இறங்கி, இந்தப் பேருந்தில் ஏறி, இந்த வாசலில் இறங்கவும்" என்று ஒரு வரி இருந்தால் போதும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்

1,000 படுக்கை என்று கேட்டால் நமக்குக் கட்டில்கள் வரிசையாகத் தெரியும். மருத்துவமனை நடத்துபவர்களுக்கு அந்த எண் ஆள்கணக்காகத் தெரியும். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி, கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர். இதை மூன்று ஷிப்டுகளாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் ஒன்பது நோயாளிக்கு ஒருவர். அதன்படி 1,000 படுக்கைக்குக் குறைந்தது 333 பேர் வேண்டும். விடுப்புக்கென்று முப்பது சதவீதம் கூடுதலாக வைத்தால் 430-ஐத் தாண்டும். இது பொது வார்டுக் கணக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது அளவுகோல், அறுவை அரங்குக்குத் தனி ஆட்கள். உயர்சிறப்பு மருத்துவமனையில் இந்த இரண்டும்தான் அதிகம்.

இவ்வளவு பேரையும் 15 மாதத்தில் கட்டிவிட முடியாது. நரம்பியல் அறுவை நிபுணர் ஒருவர் உருவாகப் பள்ளி முடித்த பிறகு பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆகவே கிண்டி திறந்தபோது மற்ற மருத்துவக் கல்லூரிகளில் இருந்த மருத்துவர்களை இங்கே மாற்றினார்கள். எந்த வார்டிலிருந்து அவர்கள் எடுக்கப்பட்டார்களோ அங்கே என்ன ஆகும் என்று மருத்துவர் சங்கங்கள் கேட்டன. கேட்க வேண்டிய கேள்விதான். மாவட்டத்திலிருந்த நிபுணரைச் சென்னைக்கு மாற்றினால், அந்த மாவட்டத்து நோயாளியும் அவர் பின்னாலேயே சென்னைக்கு வருவார். அப்படி வந்தால் சென்னையில் கட்டிய புதுப் படுக்கையில் ஒரு பகுதி, நாமே உண்டாக்கிய தேவைக்குப் போய்விடும்.

செவிலியர் விஷயம் இன்னும் வருத்தமானது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டவர்கள் 7,700 ரூபாய் மாதச் சம்பளத்தில் வேலை பார்த்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் குழந்தைகளோடு போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் சேர்க்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு முடித்துக்கொள்ளப்பட்டது. கிண்டியில் கட்டுமானம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. கான்கிரீட்டுக்கு ஒதுக்கீடு ஒரு முறை, சம்பளத்துக்கு ஒதுக்கீடு ஒவ்வொரு மாதமும். ஒரு முறைச் செலவுக்குக் கிடைக்கும் அரசியல் ஆதரவு மாதாமாதம் வரும் செலவுக்குக் கிடைப்பதில்லை. மருந்துக்கு நாம் இதைச் சரிசெய்துவிட்டோம், அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகத்தை 1994-ல் தொடங்கி. ஆட்களுக்கு அப்படி ஓர் உறுதியான ஏற்பாடு இன்னும் இல்லை.

2024 நவம்பர் 13 அன்று கிண்டி மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர் ஒருவரை, அங்கே சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் உயிர் பிழைத்தார். மாநிலம் முழுவதும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் குற்றத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. அதற்குப் பிறகு பேச்செல்லாம் மெட்டல் டிடெக்டர், காவலர், அடையாள அட்டை என்று போனது. அவையும் வேண்டும்தான். கட்டடத்தைப் பற்றி எழுதுகிற எனக்கு இன்னொன்றும் தோன்றியது. நமது மருத்துவமனை வரைபடங்களில் நோயாளியோடு வருபவருக்கென்று இடம் மிகக் குறைவு. அவர் எங்கே உட்காருவார், எங்கே தூங்குவார், நோயின் நிலையை அவரிடம் நிதானமாக உட்கார்ந்து சொல்ல ஓர் அறை உண்டா? நம் ஊரில் நோயாளி தனியாக வருவதே இல்லை. குறைந்தது ஒருவர், பெரும்பாலும் இருவர். ஆக 1,000 படுக்கை மருத்துவமனை என்றால் உண்மையில் 2,000 பேர் இரவு தங்கும் இடம். மேற்கூரை, கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக்: திட்ட மதிப்பீட்டில் இவை சிறிய தொகைகள்.

மற்ற வாசல்கள்

வடமேற்கில், கொளத்தூர் பெரியார் நகரில் இருந்த அரசு புறநகர் மருத்துவமனை பெரிய மருத்துவமனையாக வளர்ந்து 2025 பிப்ரவரி 27 அன்று பெரியார் அரசு மருத்துவமனை என்ற பெயரில் திறக்கப்பட்டது. சுமார் 210 கோடி ரூபாய், 560 படுக்கைகள். இங்கும் பழைய தர்க்கம்தான், ஏற்கெனவே இருந்த மருத்துவமனை இடம். ஆனால் சுற்றி வீடுகள் நெருங்கிய பகுதி என்பதால் நடந்து வருபவருக்குப் பயன்படுகிறது. கிண்டியைவிட இந்த மாதிரியை நான் அதிகம் விரும்புகிறேன். பிரசவம், காய்ச்சல், எலும்பு முறிவு, சர்க்கரை என்று அன்றாட நோய்க்கு அருகிலேயே நல்ல வார்டு இருந்தால் ஜி.ஹெச்.சின் வரிசை தானாகக் குறையும். கீழ்ப்பாக்கம், மதுரை ராஜாஜி, கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனில் புதிய பிளாக்குகள் வந்ததும் இதே திசையில்தான். மதுரையிலும் கோவையிலும் கூடுகிற ஒவ்வொரு உயர்சிறப்புப் படுக்கையும் சென்னைக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டு ஒன்றைக் குறைக்கிறது.

வரைபடத்தில் இன்னும் வெறுமையாக இருப்பது தென்கிழக்கு. நகரத்தின் நடுவிலிருந்து குடிசைகளை அகற்றி மக்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அனுப்பினோம். சிந்தாதிரிப்பேட்டையிலும் தீவுத்திடல் பக்கமும் இருந்தவர்களுக்கு ஜி.ஹெச். நடந்து போகும் தூரத்தில் இருந்தது. பெரும்பாக்கத்திலிருந்து அது 25 கிலோமீட்டருக்கு மேல். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போக வேண்டும், கூட வருபவர் அந்த நாள்களின் கூலியை இழக்க வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றால் பல வாரம், தினமும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும், பேருந்து மாறி மாறிப் போகும் நேரத்துக்கும் இழந்த கூலிக்கும் அதில் இடமில்லை.

அடுத்த கட்டடத்துக்கு வரைபடம் போடும்போது, எந்தத் துறைக்கு எங்கே காலி மனை இருக்கிறது என்ற பட்டியலோடு இன்னொரு பட்டியலையும் மேசையில் வைக்கலாம். அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஓ.பி. சீட்டிலும் முகவரி எழுதித்தான் வாங்குகிறோம். ஜி.ஹெச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, கிண்டி, இந்த ஐந்து இடத்தின் ஓராண்டு முகவரிகளைப் பகுதிவாரியாக எண்ணினால், அதில் பெரும்பாக்கம் எத்தனை, செம்மஞ்சேரி எத்தனை, கள்ளக்குறிச்சி எத்தனை என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.